முதல் மூன்று வருடச் சம்பளம்

பழவேற்காட்டில், பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



எனக்குக் கொடுத்த தலைப்பு மருத்துவம் சார்ந்த படிப்புகளும் வேலைவாய்ப்பும். அந்தத் தலைப்பில் பேசக் கல்லூரிக்காரர்களே வேன் பிடித்து வருவார்கள். வண்ணத்தாளில் அச்சடித்த புத்தகம் கொடுப்பார்கள், அதில் வெள்ளை உடுப்பு போட்ட பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் பேசாத பாதியை நான் பேசிவிட்டுப் போகிறேன். அந்தப் படிப்புக்கு வாங்கும் கடனும், படித்து முடித்த முதல் சில வருடங்களில் கைக்கு வரும் சம்பளமும் ஒன்றுக்கொன்று கட்டுமா கட்டாதா என்பதுதான் அந்தப் பாதி. நான் வங்கியில் கல்விக்கடன் விண்ணப்பங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவன். கொடுத்த கடனையும் பார்த்தேன், வராத கடனையும் பார்த்தேன்.

முதலில் மாதத்தைக் கவனியுங்கள். பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. 2025இல் மே 8ஆம் தேதி வந்தது. நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். சிறு படகுக்காரர் பழவேற்காடு ஏரியில் இறங்கினாலும், கோடையில் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, ஏரி வற்றி உப்பேறும், வலையில் படுவது குறையும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது மளிகைக்கடைப் பாக்கிக்கே சரியாகப் போகும். ஆக, வீட்டில் வருடத்திலேயே பணம் வற்றிய மாதத்தில்தான் கல்லூரியின் ஏஜெண்ட் வந்து கதவைத் தட்டுகிறார். “இன்னும் நாலு சீட்தான் இருக்கு, இருபதாயிரம் கட்டிப் புடிச்சு வையுங்க” என்கிறார். கலந்தாய்வு அறிவிப்பு அதற்குள் வந்திருக்காது. வங்கி மேலாளரைப் பார்க்க நேரம் இருக்காது. நகை அடகுக்கடைக்குப் போகும். இல்லாவிட்டால் மீன் வாங்கும் ஏவாரியிடம் கை நீளும்.

இந்த அவசரத்தில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் தப்பு நடப்பது குறைவு. பணத்தை யாரிடம், எந்த மாதத்தில் வாங்கினார்கள் என்பதில்தான் முடிச்சு விழுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அப்பா அம்மாவுக்கு வீட்டில் விளக்கிச் சொல்லுங்கள்.

பி.எஸ்ஸி. நர்சிங், நான்கு வருடம். தனியார் கல்லூரி. கல்விக் கட்டணம், விடுதி, சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சில இடத்தில் குறையும், பல இடத்தில் கூடும். கணக்குக்கு ஒரு லட்சம். நான்கு வருடத்தில் நான்கு லட்சம். வங்கி வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் நான்கு வருடமும், முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்காது. முதல் வருடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாம் லட்சத்துக்கு 40,000. பிறகு 30,000, 20,000. கூட்டினால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் நான்கு லட்சம் அல்ல, ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். இதைப் பதினைந்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 5,800 ரூபாய்.

இப்போது சம்பளப் பக்கம். சென்னையில் ஐம்பது படுக்கைக்குள் இருக்கும் ஒரு மருத்துவமனையில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு 15,000 என்று வைப்போம். இதைவிடக் குறைவாகத் தரும் இடங்கள் எனக்குத் தெரியும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் 13,000 சொச்சம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆறாயிரம் கொடுத்தால் மிச்சம் ஏழாயிரம். அதில் 5,800 தவணை. மீதி ஆயிரத்து இருநூறில் பஸ், போன், துணிமணி, மாதம் ஒரு முறை ஊருக்கு வந்து போகும் செலவு. வீட்டுக்கு ஒரு ரூபாய் அனுப்ப முடியாது. இத்தனைக்கும் இது வங்கிக் கடன். மூன்று வழிகளில் ஓரளவு நல்ல வழி.

அதே நான்கு லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினால்? நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வட்டி மட்டும் மாதம் எட்டாயிரம். அசல் அப்படியே நிற்கும். கையில் மிஞ்சுவதோ ஏழாயிரம். வேலைக்குப் போன பெண்ணுக்கு மாதா மாதம் ஆயிரம் ரூபாய் வீட்டிலிருந்து அனுப்பினால்தான் வட்டியே அடையும். மூணு வட்டி என்றால் மாதம் பன்னிரண்டாயிரம். அதை நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டாம்.

மூன்றாவது வழி, வங்கிக் கடனோடு வட்டி மானியமும் சேர்ந்தது. மத்திய அரசு 2009 முதல் நடத்தும் திட்டம். குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்பில் சேர்ந்திருந்தால், படிக்கும் காலத்துக்கும் பிறகு வரும் ஒரு வருடத்துக்கும் உரிய வட்டியை அரசே வங்கிக்குக் கட்டும். அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் உங்கள் தலையில் ஏறாது. தவணை 5,800இலிருந்து 4,300க்கு இறங்கும். பதினைந்து வருடத்தில் இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். ஒரு வருமானச் சான்றிதழில் கிடைக்கும் மிச்சம் இது. இங்கே இருக்கும் வீடுகளில் அநேகமாக எல்லாமே அந்த வரம்புக்குள் வரும். ஆனால் சான்றிதழ் கொடுக்காத காரணத்தாலோ, கிளையில் யாரும் கேட்காத காரணத்தாலோ இது விட்டுப்போன கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வங்கி தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், சின்னது என்று தள்ளக்கூடாதது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம். நம் கணக்கில் முதல் வருடக் கடன் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். மானியம் கிடைக்காத குடும்பம் இந்த ஆயிரத்தைக் கடன் கணக்கிலேயே போட்டால் முதல் வருட வட்டி அங்கேயே அடைந்துவிடும். படிக்கும்போதே வட்டியை ஒழுங்காகக் கட்டுபவருக்கு ஒரு சதவீத வட்டிக் குறைப்பும் தருகிற வங்கிகள் உண்டு. போன் ரீசார்ஜுக்குப் போகிற பணம்தான். பிள்ளைகள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம், ஏனென்றால் கல்லூரிக்காரர் காட்டும் சம்பளமும் முதல் மூன்று வருடச் சம்பளமும் வேறு வேறு. அவர் சொல்வது பொய் அல்ல. எய்ம்ஸ் மருத்துவமனையில் நர்சிங் அதிகாரியின் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் சேரும் செவிலியரின் ஆரம்பச் சம்பளம் 2024-25 கணக்கில் வருடத்துக்கு 29,970 பவுண்டு. எல்லாம் உண்மை. ஆனால் எய்ம்ஸுக்கு நாடு முழுக்க எழுதும் தேர்வு, இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, வேலை அனுபவம், பதிவு. அங்கே போய்ச் சேர்வதற்குள் சில வருடம் ஓடிவிடும். தவணையோ படிப்பு முடித்த பதின்மூன்றாவது மாதத்தில் வந்து நிற்கும்.

சரி, நம் மாநில அரசு வேலை? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., 2015இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரைத் தேர்வு வைத்து எடுத்தது. சம்பளம் என்ன தெரியுமா? தொகுப்பூதியம் மாதம் 7,700. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு தொகுப்பூதியம் 14,000 ஆகி, 18,000 ஆனது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட செவிலியர் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டதையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அரசு வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நிரந்தரம் ஆனால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் “கவர்மெண்ட் நர்ஸ்” என்று நினைத்துத் தவணைக் கணக்குப் போடுபவர் நிரந்தரச் சம்பளத்தை வைத்துப் போடுகிறார். தவணை கட்டுவதோ தொகுப்பூதியத்தில்.

தனியாரைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதையொட்டி மத்திய அரசு ஒரு குழு போட்டது. ஜெகதீஷ் பிரசாத் குழு. இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், ஐம்பது படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர் சங்கம் வேலைநிறுத்தம் வரை போனது. 2018 ஏப்ரலில் 20,000 என்று அரசாணை வந்தது. நம் கணக்கில் 15,000க்குப் பதில் 20,000 போட்டுப் பாருங்கள். தவணை கட்டியும் வீட்டுக்கு அனுப்பப் பணம் இருக்கும். ஒரு பெண்ணின் கல்விக்கடன் அடைவதும் அடையாததும் சம்பளத்தில் இருக்கும் அந்த ஐயாயிரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் கடன் அடையாதபோது “பொறுப்பில்லாத பிள்ளைகள்” என்று வங்கிக் கூட்டங்களில் யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வரும். 2020 டிசம்பர் கணக்கில், பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடனில் நாடு முழுக்க வராக்கடன் 9.55 சதவீதம், தமிழ்நாட்டில் 20 சதவீதத்துக்கும் மேல். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேர்மை குறைந்தவர்களா? இங்கே கல்லூரி அதிகம், கடன் வாங்கிப் படித்தவர் அதிகம், படித்தவருக்குக் கிடைத்த ஆரம்பச் சம்பளம் குறைவு.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏவாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு எடுத்தவர், மீனை அவரிடம்தான் போட வேண்டும். பக்கத்து ஏலத்தில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடப் போனாலும் அங்கே போக முடியாது. விலையை அவர் சொல்வார், எடையை அவர் போடுவார். வட்டி என்று தனியாக ஒன்றும் கேட்க மாட்டார், மீன் விலையிலேயே எடுத்துக்கொள்வார். முன்பணம் அடையும்வரை படகு உங்கள் பெயரில் இருந்தாலும் உங்களுடையது இல்லை. சில மருத்துவமனைகள் நடத்துகிற கல்லூரிகளில் இதேதான் நடக்கிறது. “கட்டணத்தில் பாதி தள்ளுபடி, படித்து முடித்ததும் எங்களிடமே ரெண்டு வருஷம் வேலை” என்று பத்திரம் எழுதி வாங்குவார்கள். மூலச் சான்றிதழை அலமாரியில் பூட்டிக்கொள்வார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் ஆறாயிரம் கூடக் கிடைத்தாலும் போக முடியாது. சான்றிதழ் இல்லாமல் எம்.ஆர்.பி. தேர்வில் தேறினாலும் சரிபார்ப்புக்கு எதைக் காட்டுவாள்? பணிப்பத்திரம் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வழக்கம் மட்டும் சாகவில்லை.

அதனால் நான் கடனை அளப்பது இப்படி. எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கடன் வேலையை விட்டுப் போகும் உரிமையை எடுத்துக்கொள்கிறதா என்று கேட்பேன். செவிலியர் வேலையில் முதல் மூன்று வருடம் சம்பளம் உயர்வது ஒரே இடத்தில் உட்கார்ந்து அல்ல, இடம் மாறித்தான். ஐ.சி.யூ.வில் ஒரு வருடம், டயாலிசிஸில் ஒரு வருடம் என்று அனுபவம் சேர்த்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். போக விடாத கடன், குறைந்த வட்டிக் கடனாக இருந்தாலும் வேண்டாம். வங்கிக் கடனில் அந்தக் கட்டு கிடையாது. வங்கிக்குத் தவணை வந்தால் போதும், நீங்கள் எந்த ஊரில் வேலை செய்தால் அதற்கென்ன.

வங்கியில் என்ன கேட்பது, என்ன பேசுவது? நான்கு லட்சம் வரை மார்ஜின் என்று கைப்பணம் கேட்கக்கூடாது. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் ஊர் எங்கள் கிளையில் வராது என்று திருப்பி அனுப்பக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தை நிராகரிப்பது என்றால் மேலதிகாரி ஒப்புதலோடு, காரணம் எழுதித் தர வேண்டும். வாயால் “இல்லம்மா” என்று சொன்னால் அது நிராகரிப்பு அல்ல. வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்துவிட்டு எண்ணை எடுத்துக்கொண்டு போங்கள்; எண் இருக்கும் விண்ணப்பத்தை மேசைக்கடியில் போட முடியாது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இன்னும் இரண்டு, பலருக்குத் தெரியாதவை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே, முதல் வருடங்களில் தவணை குறைவாகவும் பிறகு ஏறிக்கொண்டு போவதாகவும் அமைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. வேலை போனாலோ சம்பளம் மிகக் குறைவாக இருந்தாலோ இடையில் தவணையை நிறுத்திவைக்கவும் இடம் இருக்கிறது. இரண்டையும் கடன் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். மூன்று தவணை தவறிய பிறகு போய்க் கேட்டால் கணக்கு வராக்கடன் ஆகியிருக்கும், கிளை மேலாளர் கை கட்டப்பட்டிருக்கும்.

இங்கிலாந்தில் மாணவர் கடன் வாங்கிய செவிலியர் எப்படிக் கட்டுகிறார் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 2023இல் படிப்பில் சேர்ந்தவருக்கு, வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான் பிடித்தம். அதுவும் தாண்டிய தொகையில் ஒன்பது சதவீதம். சம்பளம் குறைந்தால் பிடித்தமும் நின்றுவிடும். நாற்பது வருடத்தில் மிச்சம் இருப்பது தள்ளுபடி. ஆஸ்திரேலியா இந்த முறையை 1989இலேயே கொண்டுவந்தது. அங்கே கடன் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறது. இங்கே சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்தாம் தேதி தவணைத் தேதி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள் என்று கடலுக்குப் போகாதே என்பார்கள், புயல் சின்னம் என்று போகாதே என்பார்கள். வருமானம் அப்படி விட்டு விட்டு வருகிற வீட்டில், மகளின் தவணைக்கு அப்பா முட்டுக் கொடுப்பார் என்று யாரும் எண்ண வேண்டாம். பாடு முறையில் எந்த நாள் எவருடைய வலை இறங்கும் என்று தலைக்கட்டு வாரியாகப் பங்கு வைத்துத் தலைமுறைகளாக இந்த ஏரியை நடத்திய ஊர்கள் இவை. வருகிற நாளும் வராத நாளும் இருக்கும் என்பதை வங்கி அதிகாரிகளைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். தவணையைத் தாங்க வேண்டியது பெண்ணின் சம்பளம் மட்டும்தான். அது தாங்காத தொகையை வாங்காதீர்கள்.

“கட்டாவிட்டால் என்ன, தள்ளுபடி வரும்” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2021 தேர்தல் நேரத்தில் கல்விக்கடன் தள்ளுபடி என்ற வாக்குறுதியும் வந்தது. அதை நம்பி நிறுத்தியவர்களின் பெயர் சிபில் கடன் பதிவேட்டில் ஏறியது. ஸ்டேட் வங்கி தன் வராத கல்விக்கடன்களை ஒரு தனியார் சொத்து மீட்பு நிறுவனத்துக்கு விற்றது. தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் சேர்ந்தே கெடும். மீனவர்களுக்கும் இப்போது கிசான் கிரெடிட் கார்டு உண்டு, 2018-19 முதல். மகளின் தவணை நின்றால் அப்பாவுக்கு வலை வாங்கக் கிடைக்கும் ஏழு சதவீதக் கடனும் நின்றுபோகலாம். பிறகு மறுபடியும் ஏவாரி வாசல்தான்.

தாய்மார்களிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். வீட்டில் இருக்கும் நகை மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது. அதை அடகு வைத்துப் படிக்க வைக்கிறீர்கள். படித்து முடிக்கும்போது அவளுக்கு இருபத்தியொன்று, இருபத்திரண்டு. வரன் வருகிறது. நகையை மீட்க வேண்டும், வங்கித் தவணையும் ஓடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் “கடன் இருக்கா” என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறீர்கள். கல்யாணம் ஆன மூன்றாவது மாதம் வங்கியிலிருந்து போன் அந்த வீட்டுக்குப் போகிறது. அவள் சம்பளம் யாருக்கு என்று சண்டை வருகிறது. சில வீட்டில் வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். சம்பளம் நின்றால் கடனை யார் கட்டுவது என்று எவரும் கேட்பதில்லை. என் மேசைக்கு வந்த கணக்குகளில், படித்து வேலை கிடைக்காமல் நின்றது பாதி என்றால், வேலை கிடைத்தும் கல்யாணத்தால் நின்றது மீதியில் பெரும்பங்கு. கடன் இருக்கிறது என்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிடுங்கள். தவணை அவள் சம்பளத்திலிருந்து போகும், வேலையை விட மாட்டாள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிற மாப்பிள்ளை போகட்டும். முடிந்தால் மூன்று வருடம் கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள். இதைச் சொன்னதற்காக என்னை வைவீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்.

நிர்வாக ஒதுக்கீடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்கு வங்கி கேள்வி கேட்பது குறைவு. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கேள்வி நிறைய. கடன் மறுக்கப்பட்ட நர்சிங் மாணவிகளின் வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நன்கொடை என்று வாங்கும் பணத்துக்கு ரசீது கிடையாது, ரசீது இல்லாத பணத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. அந்தப் பணத்துக்குத்தான் ரெண்டு வட்டியும் மூணு வட்டியும்.

கடனே இல்லாமல் படிக்கிற வழிகளை முதலில் முட்டிப் பாருங்கள். நம் மாநிலத்தில் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தால் வருடக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். மீனவர்களான பட்டணவர் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா பாருங்கள். ஏரிக்கரையில் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள் பழங்குடிப் பட்டியலில் வருவார்கள். அந்தச் சான்றிதழ் கிடைக்காமலேயே எத்தனை பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். இங்கே இருக்கும் ஆசிரியர்கள் அதை ஒரு வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். நீட் எழுதிய பெண்களுக்கு ராணுவ நர்சிங் கல்லூரிகள் உண்டு. படிப்பு இலவசம், முடித்ததும் அதிகாரி வேலை. அதற்கும் ஐந்து வருடப் பத்திரம் உண்டு; ஆனால் முழுச் சம்பளத்தோடு கட்டிவைக்கும் பத்திரம், அதை நான் ஏற்பேன். மூன்று வருடப் பட்டய நர்சிங்கை மட்டமாக நினைக்காதீர்கள். ஒரு வருடம் முன்னால் சம்பளம் வரும், வேலை பார்த்துக்கொண்டே பிறகு பட்டமாக்கிக்கொள்ளலாம்.

வெளிநாடு போகும் ஆசை இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 2015இல் குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய ஒரு ஏஜென்சி 19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. இரண்டு பூஜ்யம் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதே வருடம் முதல் வளைகுடா உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்குச் செவிலியர் போக அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும் என்று ஆனது. நம் மாநிலத்துக்கு 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. கல்விக்கடன் அடையும் முன் விசாவுக்கு இன்னொரு கடன் வாங்காதீர்கள்.

என் முடிவு இது. அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போங்கள், தயங்க வேண்டாம். கலந்தாய்வில் தனியார் கல்லூரி கிடைத்து, மொத்தக் கடன் நான்கு லட்சத்துக்குள் அடங்கி, வட்டி மானியமும் கிடைத்தால் வாங்கலாம். முதல் மூன்று வருடம் இறுக்கமாக இருக்கும், பிறகு மூச்சு விடலாம். வெளி வட்டியில் நான்கு லட்சம் வாங்கித்தான் இந்த வருடம் சேர முடியும் என்றால், இந்த வருடம் சேராதீர்கள். ஒரு வருடம் பொறுத்துப் பட்டய நர்சிங்குக்கோ அடுத்த கலந்தாய்வுக்கோ போடுங்கள். ஒரு வருடம் வீணாகிறது என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். எட்டு வருடம் வட்டி கட்டிய பெண்களையும் தெரியும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: பொன்னேரியிலும் செங்குன்றத்திலும் மாடியில் பலகை மாட்டி ஓராண்டு நர்சிங் என்று சேர்க்கும் இடங்கள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது; பதிவு இல்லாதவர் நர்ஸ் இல்லை, எத்தனை வருடம் வேலை செய்தாலும் சம்பளம் ஏறாது. நாளைக் காலை இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். எந்தக் கல்லூரிக்கும் முன்பணமாக ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் ஆசிரியரை வைத்துப் பாருங்கள்.